வண்டி ஏன் உதறுகிறது?

1972இல் யமஹா நிறுவனம் டிஎக்ஸ் 750 என்ற பெரிய மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தது. 743 சிசி, இரண்டு சிலிண்டர். இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும் அமைப்பு. அப்படிப்பட்ட இன்ஜின் வண்டியை உலுக்கி எடுத்துவிடும் என்பது அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகளை ஓட்டியவர்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதி. யமஹாவின் பொறியாளர்கள் அதற்கு ஒரு வழி கண்டார்கள். இன்ஜினுக்குள்ளேயே எதிர் எடைகளை வைத்து, ஒரு சிறு செயினால் கிராங்கோடு இணைத்துச் சுழலவிட்டார்கள். பிஸ்டன் ஒரு பக்கம் இழுத்தால் எடை மறுபக்கம் இழுக்கும், உதறல் அடங்கிவிடும்.

அடங்கத்தான் செய்தது. ஆனால் நெடுஞ்சாலையில் நெடுநேரம் வேகமாக ஓட்டியபோது அந்த எடைகள் அடியிலிருந்த ஆயிலைத் தயிர் கடைவதுபோல் கடைந்து நுரையாக்கின. நுரைத்த ஆயிலால் பேரிங்குகளைக் காப்பாற்ற முடியவில்லை. இன்னொரு பக்கம், எடைகளைச் சுழற்றிய சிறு செயின் ஓடி ஓடித் தளர்ந்தது. செயின் தளர்ந்ததும் எடைகள் நேரம் தப்பிச் சுழன்றன. அதிர்வை அடக்க வைத்த பொருளே அதிர்வைக் கூட்டியது. நிறுவனம் பின்னர் திருத்தங்கள் செய்தும் பலனில்லை. ஓரிரு ஆண்டுகளிலேயே அந்த மாடல் சந்தையை விட்டுப் போயிற்று.

அதே கதைதான் சிறிய அளவில் நம் தெருவில் நிற்கும் வண்டிகளிலும் நடக்கிறது. பின் சக்கரத்தை ஓட்டும் செயின் தளர்ந்தால் வண்டி உதறும். ஆனால் உதறுகிற வண்டியெல்லாம் செயின் தளர்ந்த வண்டி இல்லை. டயராக இருக்கலாம், வீல் பேரிங்காக இருக்கலாம், கழன்றுபோன ஒரு போல்ட்டாக இருக்கலாம், கிராங்காகவே இருக்கலாம். இவற்றைப் பிரித்தறியாமல் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பதுதான் இன்று பரவலாக நடக்கிறது. செயின் செட் மாற்றி, டயர் மாற்றி, கடைசியில் இன்ஜினைப் பிரித்து, அதன் பிறகும் உதறலோடு வீடு திரும்பும் வண்டிகள் உண்டு. இந்த வீண்செலவுக்குக் காரணம் கருவிகள் இல்லாததோ திறமை இல்லாததோ அல்ல. அதிர்வு எதன் வேகத்தைப் பின்பற்றுகிறது என்ற ஒரு கேள்வியைக் கேட்காமல் ஸ்பேனரைக் கையில் எடுப்பதுதான் காரணம்.

“அண்ணே, வண்டி ஒரு மாதிரி உதறுதுண்ணே” என்று வந்து நிற்பவரிடம், பழுத்த அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் கேட்பது, “எந்த ஸ்பீடுல தம்பி?” என்பதைத்தான். அடுத்து, “முறுக்கும்போதா, விடும்போதா?” என்பார். இந்த இரண்டு கேள்விகளும் பாதி நோயைக் காட்டிக்கொடுத்துவிடும். அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு எளிமையானது.

18 அங்குல வீல் கொண்ட சாதாரண 100 சிசி வண்டி ஒன்று டாப் கியரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் சக்கரம் நொடிக்குச் சுமார் எட்டரைத் தடவை சுற்றும். இன்ஜின் ஏறக்குறைய நிமிடத்துக்கு 6000 சுற்று, அதாவது நொடிக்கு 100. பின் ஸ்பிராக்கெட்டில் 42 பல் இருந்தால் நொடிக்குச் சுமார் 360 பற்கள் செயினோடு கடிபடும். செயினில் 112 கண்ணிகள் இருந்தால், முழுச் செயினும் நொடிக்கு மூன்று தடவைக்குச் சற்று மேல் வலம் வரும். ஆக ஒரே வண்டியில், ஒரே நொடியில், நான்கு வெவ்வேறு தாளங்கள் ஓடுகின்றன: மூன்று, எட்டரை, நூறு, முந்நூற்று அறுபது. கைக்கும் காலுக்கும் காதுக்கும் இவை ஒன்றுபோல் தெரியாது. செயினின் ஓரிடத்தில் மட்டும் கோளாறு இருந்தால் ‘விட்டு விட்டு’ இழுப்பதுபோல் இருக்கும். சக்கரமோ டயரோ கோணியிருந்தால் இருக்கையின் அடியில் ‘தக் தக் தக்’ என்று குதிக்கும். அந்தக் குதிப்பை முயன்றால் எண்ணியும் விடலாம். இன்ஜினின் அதிர்வு எண்ண முடியாத மின்சாரம்போல் உள்ளங்கையில் கூசும். பற்கள் கடிபடுவது அதிர்வாகவே தெரியாது, ஒரு முனகலாகக் காதில் விழும்.

இதைச் சாலையில் சோதிக்க ஒரு கருவியும் வேண்டாம். ஆளில்லாத நேரான சாலையில், உதறல் வரும் வேகத்தை மாற்றாமல் கியரை மட்டும் ஒன்று குறைத்துப் பார்க்க வேண்டும். வண்டியின் வேகம் அதேதான். இன்ஜின் வேகம் மட்டும் கூடியிருக்கிறது. உதறலின் குணம் மாறினால் அது இன்ஜினைச் சேர்ந்தது. மாறாமல் அதே வேகத்தில் அப்படியே இருந்தால் சக்கரம், டயர், செயின் பக்கம் பார்க்க வேண்டும். அடுத்து, கிளட்சைப் பிடித்து வண்டியைத் தானாக ஓடவிட வேண்டும். இன்ஜின் ஐடிலுக்கு இறங்கியதும் உதறல் ஓய்ந்தால் இன்ஜினோ, அதைத் தாங்கும் போல்ட்டுகளோ காரணமாகலாம். ஓயாமல் தொடர்ந்தால், சக்கரமும் அதோடு சேர்ந்து ஓடும் செயினும்தான் மிச்சம். மூன்றாவது வகை ஒன்று உண்டு: முறுக்கும்போது ஒரு குலுக்கு, விடும்போது ஒரு குலுக்கு, சீராக ஓடும்போது அமைதி. அது பெரும்பாலும் செயின் தொங்கல், தேய்ந்த ஸ்பிராக்கெட், பின் ஹப்புக்குள் இருக்கும் ரப்பர், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் ஆகிய நால்வரில் ஒருவரின் வேலை.

‘வழக்கத்துக்கு மாறான அதிர்வு’ என்று சொல்லும்போது அந்த வண்டிக்கு வழக்கமான அதிர்வு எது என்று தெரிந்திருக்க வேண்டும். 1955இல் சென்னையில் தொடங்கிய என்பீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூர் ஆலையில் பல பத்தாண்டுகள் உருவாக்கிய 346 சிசி புல்லட்டை எடுத்துக்கொள்ளலாம். சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். அவ்வளவு தூரம் ஏறி இறங்கும் ஒற்றைப் பிஸ்டனை ஒவ்வொரு முனையிலும் நிறுத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். கிராங்கில் எதிர் எடை வைத்தால் மேல்-கீழ் உதைப்பு குறையும். ஆனால் அதே எடை பக்கவாட்டில் வரும்போது முன்-பின் உதைப்பாக மாறும். முழுவதும் சரிக்கட்டினால் மேல்-கீழாக இருந்த தொல்லை முன்-பின்னாகப் போய்விடும், அவ்வளவுதான். ஆகவே ஏறக்குறைய பாதியளவு சரிக்கட்டி நிறுத்திவிடுவது ஒற்றை சிலிண்டரின் பழைய சமரசம். புல்லட்காரர்கள் நேசிக்கும் அந்தத் துடிப்பு இந்தச் சமரசத்தின் குழந்தை. 2020இல் மீட்டியோர் 350 வந்தபோதுதான் எதிர்ச்சுழல் எடைத்தண்டு வைத்த புதிய 350 இன்ஜின் அந்தக் குடும்பத்துக்கு வந்தது. பழைய புல்லட்டில் கண்ணாடி நடுங்கினால் அது அதன் இயல்பு. மீட்டியோரில் அதே அளவு நடுங்கினால் நோய்.

இந்த உதைப்பின் வலிமை இன்ஜின் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். நிமிடத்துக்கு 3000 சுற்றில் இருந்ததைவிட 6000 சுற்றில் நான்கு மடங்கு. அதனால்தான் 50இல் சாதுவாகப் போகும் வண்டி 80இல் கைகளை மரத்துப்போக வைக்கிறது. பிஸ்டன் மாற்றும்போது அசலைவிட எடை கூடிய ஒன்றைப் போட்டாலும் இந்தச் சமரசம் கெடும். அதைவிடப் பெரிய கோளாறு கிராங்கில் நேரும். ஒற்றை சிலிண்டர் வண்டிகளில் கிராங்க் பெரும்பாலும் துண்டுகளை அழுத்திச் சேர்த்துச் செய்தது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கன்ராடை மாற்றுவதற்காக அதைப் பிரித்து மறுபடி அழுத்தும்போது இரு பக்கத் தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். பார்க்காமல் பூட்டிய யமஹா ஆர்எக்ஸ் 100 எவ்வளவு நல்ல பிஸ்டன் போட்டாலும் பழைய சுகத்தைத் தராது; பேரிங்குகளையும் சீக்கிரம் தின்னும். இன்ஜின் வேலை முடிந்து வந்த வண்டியில் புதிதாக உதறல் கண்டால் ஐயப்பட வேண்டிய முதல் இடம் இது. இரண்டாவது இடம், இன்ஜினைச் சட்டத்தோடு பிணைக்கும் பவுண்டேஷன் போல்ட்டுகள். இரண்டாவதை முதலில் பார்ப்பது புத்திசாலித்தனம். ஐந்து நிமிட வேலை, செலவும் இல்லை.

இன்ஜினின் உதைப்பை ஒழிக்க முடியாவிட்டால் ஓட்டுபவரிடம் வராமல் தடுக்கலாம் என்று நினைத்தவர்களும் உண்டு. 1967இல் இங்கிலாந்தின் நார்ட்டன் நிறுவனம் கமாண்டோ வண்டியைக் காட்சிக்கு வைத்தபோது, அதன் இன்ஜினை ரப்பர் தாங்கிகளில் தொங்கவிட்டிருந்தது. ஐசோலாஸ்டிக் என்று அதற்குப் பெயர். அதில் பாராட்ட வேண்டிய நுட்பம் ஒன்று இருந்தது. இன்ஜினை மட்டும் ரப்பரில் வைத்திருந்தால் அது குலுங்கும்போதெல்லாம் பின் சக்கரத்துக்குப் போகும் செயின் இழுபட்டிருக்கும். ஆகவே இன்ஜின், கியர்பாக்ஸ், ஸ்விங் ஆர்ம் மூன்றையும் ஒரே தொகுதியாக்கி, அந்தத் தொகுதி முழுவதையும் சட்டத்திலிருந்து பிரித்து ரப்பரில் ஏற்றினார்கள். செயினின் நேர்கோடு கெடவில்லை. ரப்பர் தேய்ந்து இடைவெளி கூடினால் மட்டும், மெல்லிய வளையங்கள் வைத்து அதைச் சரிசெய்தாக வேண்டும். தவறினால் வண்டி வளைவுகளில் நெளியும். எந்த ஏற்பாடும் பராமரிப்பைக் கேட்கும் என்பதற்கு கவாசாகி கேஎல்ஆர் 650 இன்னொரு சான்று. அதன் எதிர் எடைச் செயினை இறுக்கிப் பிடிக்கும் சிறு நெம்புகோல் உள்ளுக்குள் உடைந்துபோவது அமெரிக்க ஓட்டுநர்களிடையே அவ்வளவு பிரசித்தம். ‘டூஹிக்கி’ என்று செல்லப்பெயரே வைத்து, வலுவான மாற்றுப் பாகத்தை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

சக்கரத்தைச் சேர்ந்த உதறல்களுக்கு வருவோம். இங்கே கைதான் கருவி. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, சக்கரத்தை இரு கைகளாலும் எதிரெதிர்ப் பக்கம் பிடித்து ஆட்டும்போது ‘கடக்’ என்று உதைத்தால் பேரிங் போய்விட்டது. சக்கரத்தைச் சுழலவிட்டு, ரிம் ஓரத்தில் ஒரு குச்சியை அசையாமல் பிடித்தால் கோட்டம் தெரியும். 2 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது பல வண்டிகளின் கையேடு சொல்லும் அளவு. கம்பி வீலாக இருந்தால் ஒவ்வொரு கம்பியையும் சிறு ஸ்பேனரால் தட்டிக் கேட்கலாம். இறுகிய கம்பி கணீர் என்னும். தளர்ந்தது சொத்தென்று விழும். டயரில் வீக்கம் இருக்கிறதா, புதிய டயர் ரிம்மில் சுற்றிலும் ஒரே அளவாக உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். டயர் மாற்றிய மறுநாளே உதறல் தொடங்கினால் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. கடைசியாக யார் எந்த நட்டைத் தொட்டார்கள் என்பது எந்த உதறலுக்கும் நல்ல துப்பு.

ஹேண்டில் பார் இட வலமாக அடித்துக்கொள்வது தனி வகை. அதை அதிர்வு என்றே சொல்லக்கூடாது. நொடிக்கு ஆறு முதல் பத்துத் தடவை முன்சக்கரம் படபடக்கும். ஹேண்டில் திரும்பும் இடத்திலுள்ள கோன் செட் தளர்ந்திருக்கலாம், முன் டயர் குழிகுழியாகத் தேய்ந்திருக்கலாம், பின்னால் ஏற்றிய சுமை கூடியிருக்கலாம். பின்பக்கத்தோடு வண்டி முழுவதும் பாம்புபோல் மெதுவாக நெளிந்தால் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷையும் பின் சக்கரத்தையும் பார்க்க வேண்டும். இவை இரண்டும் கீழே தள்ளும் ஆபத்துள்ளவை. ‘அடுத்த சர்வீஸில் சொல்லிக்கொள்ளலாம்’ என்று ஒருநாள்கூட ஓட்டக்கூடாது.

இனி செயின். இந்தக் கட்டுரையின் பாதியை அதற்குத் தரவேண்டும். வண்டியின் பாகங்களில் இவ்வளவு வேலை செய்து இவ்வளவு அலட்சியத்தைச் சம்பாதிக்கும் பாகம் வேறில்லை.

இன்று மோட்டார் சைக்கிளில் இருக்கும் செயினின் வடிவம் 1880இல் தீர்மானமானது. சுவிட்சர்லாந்திலிருந்து இங்கிலாந்தின் மான்செஸ்டருக்கு வந்து குடியேறிய ஹான்ஸ் ரெனால்ட், ஊசிக்கும் உருளைக்கும் நடுவே ஒரு குழல் போன்ற புஷ்ஷை வைத்தார். அதற்குப் பிறகு உலோகம் மாறியிருக்கிறது, ரப்பர் வளையம் சேர்ந்திருக்கிறது, அடிப்படை மாறவில்லை. தமிழ்நாட்டுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. கோவை எல்ஜிபியின் ரோலான் செயினும், சென்னை முருகப்பா குழுமத்தின் டைமண்ட் செயினும் இந்திய இருசக்கர வண்டிகளில் எங்கும் ஓடுகின்றன.

செயினின் மீது குத்தியிருக்கும் எண்ணிலேயே அதன் அளவு இருக்கிறது. 428 என்றால் முதல் எண் 4, ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் உள்ள தூரம் அங்குலத்தில் எட்டில் நான்கு பங்கு என்று சொல்கிறது, அதாவது 12.7 மில்லிமீட்டர். 520, 525, 530 எல்லாம் எட்டில் ஐந்து பங்கு, 15.875 மில்லிமீட்டர். மற்ற இரண்டு இலக்கங்கள் அகலத்தைச் சொல்கின்றன. இந்தச் சிறிய கண்ணிகள் தாங்கும் சுமை வியக்கத்தக்கது. 100 சிசி வண்டிதானே என்று நினைக்கலாம். முதல் கியரில் முழுவதுமாக முறுக்கும்போது, கியர்கள் பெருக்கிய திருப்புவிசை 14 பல் ஸ்பிராக்கெட்டின் சிறிய ஆரத்தில் வந்து விழும். கணக்குப் போட்டால் செயினின் மேல்பகுதி ஏறக்குறைய 300 கிலோ எடை தொங்குவதுபோல் இழுபடுகிறது.

‘செயின் நீண்டுவிட்டது’ என்கிறோம். இரும்புத் தகடு இழுபட்டு நீள்வதில்லை. ஊசியும் புஷ்ஷும் ஒன்றையொன்று தேய்த்து, ஒவ்வொரு கீலிலும் மயிரிழை இடைவெளி உண்டாகிறது. ஒரு கீலுக்கு 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தாலும் 112 கீல்களுக்கு 11 மில்லிமீட்டர் கூடிவிடும். ஸ்பிராக்கெட்டின் பல் இடைவெளியோ பழைய அளவிலேயே இருக்கிறது. இரண்டும் பொருந்தாதபோது உருளைகள் பல்லின் பள்ளத்தில் உட்காராமல் பல்லின் தோளில் ஏறுகின்றன. பற்கள் கொக்கிபோல் வளைகின்றன. வளைந்த பற்கள் செயினை இன்னும் வேகமாகத் தின்கின்றன. இந்தச் சுழற்சியில் ஒன்றை மட்டும் மாற்றுவது பணத்தைத் தண்ணீரில் போடுவது. முன் ஸ்பிராக்கெட், பின் ஸ்பிராக்கெட், செயின் மூன்றையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

தேய்மானத்தை அளப்பது கடினமில்லை. 428 செயினை இழுத்துப் பிடித்து, 20 கண்ணிகளின் நீளத்தை ஊசி மையத்திலிருந்து ஊசி மையம் வரை அளந்தால் புதிதாக இருக்கும்போது 254 மில்லிமீட்டர். வண்டியைப் பொறுத்து ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை கூடுவதுதான் எல்லை. 259ஐத் தொட்டுவிட்ட செயினுக்கு எண்ணெய் போட்டுப் பயனில்லை. அளவுகோல் இல்லாதவர்கள் பின் ஸ்பிராக்கெட்டின் கடைக்கோடியில் செயினை விரலால் பின்னோக்கி இழுத்துப் பார்க்கலாம். பாதிப் பல் வெளியே தெரிகிற அளவுக்கு அது விலகி வந்தால் காலம் முடிந்துவிட்டது.

செயின் எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தேய்வதில்லை என்பதுதான் உதறலோடு நேரடித் தொடர்புடைய விஷயம். மழைக்குப் பின் துருவேறி விறைத்த சில கண்ணிகள், எண்ணெய் எட்டாத சில கீல்கள், கூடுதலாகத் தேய்ந்த ஒரு பகுதி என்று ஒரே செயினுக்குள் பல வயதுகள் இருக்கும். பின் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே கீழ்ப்பகுதியின் தொங்கலைப் பார்த்தால் ஓரிடத்தில் 20 மில்லிமீட்டரும் இன்னோரிடத்தில் 40 மில்லிமீட்டரும் இருப்பதுண்டு. மேலே சொன்ன, நொடிக்கு மூன்று தடவை வரும் இழுப்பு இதுதான். சீராக ஓடும் புதிய செயினில்கூட ஒரு நுண்ணிய துடிப்பு இருக்கவே செய்யும். ஸ்பிராக்கெட் உண்மையில் வட்டமல்ல, பலகோணம். 15 பல் என்றால் ஒவ்வொரு பல்லுக்கும் செயினின் வேகம் சுமார் 2.2 சதவீதம் ஏறி இறங்கும். பல் குறையக் குறைய இது கூடும். 11 பல்லில் 4 சதவீதத்தைத் தாண்டிவிடும். இழுவைக்காக முன் ஸ்பிராக்கெட்டைச் சிறியதாக மாற்றுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தொங்கல் எவ்வளவு? அன்றாட வண்டிகள் பலவற்றுக்கு 25 முதல் 35 மில்லிமீட்டருக்குள் சொல்லியிருப்பார்கள். உயரமான சஸ்பென்ஷன் கொண்ட வண்டிகளுக்கு 40ஐத் தாண்டும். ஸ்விங் ஆர்மில் ஒட்டியிருக்கும் சிறிய தாளில் அந்தந்த வண்டிக்குரிய அளவு இருக்கும். அதைச் செயின் மிக இறுக்கமாக இருக்கும் இடத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும். தளர்ந்த இடத்தில் அளந்து இறுக்கினால், இறுக்கமான இடம் நரம்புபோல் விறைத்துக்கொள்ளும்.

விறைத்த செயின் தளர்ந்த செயினைவிடக் கெடுதல் செய்யும். ‘கொஞ்சம் டைட்டாவே வச்சிடுங்க, அடிக்கடி வர முடியாது’ என்று கேட்டு வாங்குகிறவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது. கியர்பாக்ஸ் ஸ்பிராக்கெட்டின் மையமும் ஸ்விங் ஆர்ம் திரும்பும் மையமும் ஒரே இடத்தில் இல்லை. ஆகவே வண்டி பள்ளத்தில் இறங்கி ஸ்விங் ஆர்ம் மேலேறும்போது பின் ஆக்சில் ஸ்பிராக்கெட்டிலிருந்து விலகிப் போகிறது. மூன்று மையங்களும் ஒரே கோட்டில் வரும்போது செயின் உச்ச இறுக்கத்தை அடைகிறது. தொங்கல் என்று விட்டுவைப்பது அந்த நேரத்துக்கான இடம். அதை இறுக்கித் தீர்த்துவிட்டால், இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு வேகத்தடையில் இறங்கும்போது மொத்த இழுப்பும் கியர்பாக்ஸ் தண்டின் பேரிங் மேல் விழும். முதலில் புட்ரெஸ்டில் ஒரு முனகல் அதிர்வு, அடுத்து ஆயில் சீல் கசிவு, கடைசியில் பேரிங். செயின் விலையில் முடிந்திருக்க வேண்டியது இன்ஜினைத் திறக்கும் செலவில் வந்து நிற்கும்.

இறுக்கும்போது இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் சமமாகத் திருப்ப வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகளை முழுவதும் நம்பிவிடக் கூடாது. பின்னால் குனிந்து, பின் ஸ்பிராக்கெட்டிலிருந்து முன்னோக்கிச் செயினின் மேல்பகுதியைப் பார்த்தால் அது நூல் பிடித்ததுபோல் போக வேண்டும். ஸ்பிராக்கெட் பல்லின் ஒரு பக்கம் மட்டும் பளபளத்தால் சக்கரம் கோணி நிற்கிறது. லாக் போட்ட செயினாக இருந்தால், அந்தக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். தலைகீழாகப் போட்ட கிளிப் எதிலாவது தட்டிக் கழன்றால் ஓடும் வேகத்தில் செயின் அறுந்து விழும்.

எண்ணெய் விஷயத்தில் இங்கே ஒரு பழக்கம் வேரோடியிருக்கிறது: இன்ஜினிலிருந்து வடித்த வேஸ்ட் ஆயிலைச் செயினில் ஊற்றுவது. காசு மிச்சம் என்று தோன்றும். அந்த ஆயிலில் கரியும் உலோகத் துகளும் கலந்திருக்கின்றன. தேய்மானத்தைத் தடுக்க வேண்டிய இடத்தில் தேய்க்கும் பொருளை ஊற்றுகிறோம். கெட்டிக் கிரீஸை அள்ளி அப்புவதும் அப்படித்தான். அது ஊசிக்கும் புஷ்ஷுக்கும் நடுவே நுழையாது, வெளியே நின்று மணலைச் சேர்க்கும். செயின் ஸ்ப்ரே கிடைக்காவிட்டால் 90ஆம் நம்பர் கியர் ஆயில் போதும். பல வண்டிகளின் கையேடுகளே அதைச் சொல்கின்றன. ஊசிகளின் இருபுறமும் ரப்பர் வளையம் வைத்த ஓ-ரிங் செயினில் கிரீஸ் உள்ளேயே அடைபட்டிருக்கிறது. அங்கே எண்ணெய் போடுவது உருளைகளுக்காகவும், ரப்பர் வறண்டு வெடிக்காமல் இருக்கவும்தான். அந்தச் செயினைப் பெட்ரோலிலோ கம்பி பிரஷ்ஷாலோ கழுவினால் வளையங்கள் கெட்டு, உள்ளிருக்கும் கிரீஸ் போய்விடும். மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் பாதுகாப்பானவை.

ஓடி முடித்து வண்டியை நிறுத்தும்போது செயின் இளஞ்சூடாக இருக்கும். எண்ணெய் போட அதுவே நல்ல நேரம். கீழ்ப்பகுதியின் உட்புறத்தில் தகடுகளின் இடுக்குகளில் விட வேண்டும். ஓடும்போது எண்ணெய் வெளிப்பக்கமாகத்தான் தள்ளப்படும், ஆகவே உள்ளிருந்து விட்டால் கீல் வழியாகப் போகும். இரவில் போட்டுவிட்டுக் காலையில் ஓட்டினால் டயரில் தெறிக்காது. 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பது நல்ல கணக்கு. மழையில் நனைந்த நாளில் கணக்குப் பார்க்க வேண்டாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இன்ஜினை ஓடவிட்டுக் கியரில் போட்டு, சுழலும் செயினில் துணியை வைத்துத் துடைப்பது விரலைக் கொடுப்பதற்குச் சமம். துணி மாட்டிய கணத்தில் கையை இழுக்க நேரமே கிடைக்காது. உலகெங்கும் மோட்டார் சைக்கிள்காரர்கள் விரல் இழந்தது இப்படித்தான். இன்ஜின் அணைந்திருக்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், சக்கரத்தைக் கையால் மட்டும் சுற்ற வேண்டும். பின்னால் உட்காருபவரின் ஆடைக்கும் இதே ஆபத்து. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி, பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாத அளவை மறைக்கும் காப்பு வேண்டும் என்று சொல்வது துப்பட்டாவும் சேலையும் சக்கரத்தில் சிக்காமல் இருக்கத்தான். அழகு கெடுகிறது என்று அதைக் கழற்றி வீட்டில் வைப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

அதிர்வு என்பது சுகக்குறைவு மட்டும்தானா? ஜப்பானில் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுசென்ற ஊழியர்களை மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, பாறை துளைக்கும் தொழிலாளர்களுக்கும் மரம் அறுக்கும் தொழிலாளர்களுக்கும் வரும் விரல் மரத்துப்போகும் நோய் அவர்களிடமும் தென்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை, எட்டு மணி நேர வேலையில் கைகளுக்கு வரும் அதிர்வு 2.5 மீட்டர்/நொடி² அளவைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும், 5ஐத் தாண்டவே கூடாது என்றும் வரையறுத்திருக்கிறது. நாள் முழுவதும் உணவும் பொட்டலமும் சுமந்து வண்டி ஓட்டுகிற நம் ஊர் இளைஞர்களின் கைகளை யாரேனும் இப்படி அளந்தாக வேண்டும். கைப்பேசிக்குக்கூட எச்சரிக்கை வந்துவிட்டது: வலுவான மோட்டார் சைக்கிள் இன்ஜினின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம், ஹேண்டில் பாரில் நேரடியாகப் பூட்ட வேண்டாம் என்று 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் அறிவித்தது.

மறுபடியும் செயினுக்கு வருவோம். அதைத் தூசியிலிருந்து காப்பாற்ற மிக நல்ல வழி எப்போதோ கண்டுபிடித்தாகிவிட்டது. 1958இல் வந்த ஹோண்டா சூப்பர் கப்பிலும், 1994இல் இந்தியாவுக்கு வந்த ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டரிலும் செயின் முழுவதும் மூடிய கூட்டுக்குள் ஓடியது. கிராமத்துச் செம்மண் சாலையில் வருடக்கணக்கில் ஓடிய ஸ்பிளெண்டர்களின் செயின் நீடித்ததில் அந்தத் தகரக் கூட்டுக்குப் பங்கு உண்டு. ஸ்போர்ட்டியான தோற்றம் வேண்டும் என்று பல வண்டிகளில் அந்தக் கூடு போயிற்று. கூடவே சென்டர் ஸ்டாண்டும் போயிற்று. செயினைத் திறந்து விட்டுவிட்டு, அதைப் பராமரிக்கத் தேவையான ஸ்டாண்டையும் எடுத்துவிட்டதை எந்தத் தோற்றத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள் தெருவையே ஸ்டாண்டாக்கிக்கொள்ளலாம். ஒரு கண்ணியில் சாக்பீஸால் கோடு போட்டு, நியூட்ரலில் வண்டியைத் தள்ள வேண்டும். 112 கண்ணிச் செயின், 42 பல் ஸ்பிராக்கெட் என்றால் சக்கரம் இரண்டே முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றியதும், அதாவது ஐந்து மீட்டருக்குச் சற்று மேல் தள்ளியதும், கோடு போட்ட கண்ணி பழைய இடத்துக்கே திரும்பி வரும். அதற்குள் ஐந்தாறு இடத்தில் நிறுத்தி, கீழ்ப்பகுதியை விரலால் தூக்கி அளந்து பார்த்தால் இறுக்கமான இடம் எது, தளர்ந்த இடம் எது என்று தெரிந்துவிடும்.